அடைக்கலப் பொருளும் தன்பொருளும்

அறத்தின் பொருட்டுப் பிறர்பால் பொருள் பெறுவார் ஒருவர், அதனைத் தம் பெயரால் பெறலாமா, அன்றி அறநிலையம் ஒன்றன் பெயரால்தான் பெறுதல் வேண்டுமா என்னும் வினா இந்நாளிற் பலர் உள்ளத்தும் எழுந்துள்ளது. முன்னாளிற் கொடை கைக்குக் கை மாறிற்று. கொடுப்பார் கொள்வாரைக் கண்ணாற் கண்டனர்; கொள்வாரும் கொடுப்பாரை அறிந்திருந்தனர். 2016-ஆம் ஆண்டில் யூபிஐ என்னும் பணம் செலுத்தும் முறை நம் நாட்டில் தோன்றிய பின்னர் நிலை மாறிற்று. கியூஆர் குறி ஒன்றைப் படமாக வெளியிட்டால் போதும்; முகமறியாத ஆயிரவர் பத்தும் நூறுமாக அனுப்பிவிடுகின்றனர். அப்பணம் சென்று சேருமிடம் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் வங்கிக் கணக்கேயாம். இது முறையோ என அன்பர் சிலர் வினவுகின்றனர். அரசியற் சட்டங்கள் இதற்கு ஒரு விடை கூறும். சைவ நூல்கள் அதனினும் ஆழ்ந்ததொரு விடை கூறும். இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

பொருள் விளங்குதற்பொருட்டு ஓர் ஊரை முன்னிறுத்திக்கொள்வோம். வாலாசாபாத்தை அடுத்த தென்னேரி, காஞ்சிபுர மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்றனைத் தன்பால் உடையது. சோழர் காலக் கல்வெட்டுக்களை உடைய சிவாலயமும், பட்டுத்தறி நெய்யும் குடிகளும் அப்பக்கத்துக்கு அணியாவன. அவ்வூர் நெசவாளர் ஒருவர், கோயில் விளக்கெண்ணெய்க்கென்று தம் கைப்பேசிக்குரிய குறியை வெளியிடுகின்றார் எனக் கொள்க. முதல் திங்களில் இரண்டாயிரம் ரூபாய் வருகின்றது. எண்ணெய் வாங்கி விளக்கேற்றிப் படமெடுத்து அன்பர்க்குக் காட்டுகின்றார். அதனைக் கண்டு மகிழ்ந்தோர் மேலும் அனுப்புகின்றனர். ஆறாந் திங்களில் ஓரிலக்கம் சேர்ந்துவிடுகின்றது. விளக்குக்கு வேண்டுவது அவ்வளவன்று. எஞ்சியது அவர் கணக்கிலேயே கிடக்கின்றது. அவருடைய தறிக்கூலி வருவதும், வீட்டுச் செலவு போவதும் அதே கணக்கில்தான். ஒருநாள் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டி வருகின்றது. 'கூலி வந்ததும் வைத்துவிடலாம்' என்று எடுக்கின்றார். அவர் கள்வர் அல்லர், பத்தியில்லாதவரும் அல்லர். ஆயினும் ஏதோ பிழைபட்டது என்பதனை அவர் உள்ளமே அறியும். பிழைபட்ட இடம் யாது?

எடுத்த நாளிற்றான் பிழை தோன்றிற்று எனப் பலரும் கூறுவர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலம். தம்முடையதும் தம்முடையதல்லாததும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் கலந்த அன்றே பிழைக்கு வித்து ஊன்றப்பட்டது. எடுத்தது அதன் விளைவு மாத்திரமே.

இதனைத் தெளிதற்குக் கொடையின் இருவகையை முதற்கண் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒருவருக்கே கொடுப்பது ஒருவகை. ஒருவர் வழியாக வேறொன்றற்குக் கொடுப்பது மற்றொருவகை. சுந்தரமூர்த்தி சுவாமிகளிடத்துப் பேரன்பு பூண்ட குண்டையூர்க் கிழார், நெல்லும் பருப்பும் முதலியவற்றை அவர் திருமாளிகைக்கு இடைவிடாது அனுப்பிவந்தார் என்று பெரியபுராணம் கூறும். அது சுந்தரர்க்கே கொடுத்த கொடை. கிழார்க்கும் அதில் மயக்கமில்லை, சுந்தரர்க்கும் இல்லை. அடியார் ஒருவர் தமக்கென்று வெளிப்படக் கேட்டுப் பெறுதலும், அன்பர் அவர்க்கென்றே கொடுத்தலும் சைவ மரபிற்கு மாறானவை அல்ல. இனித் திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்துத் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் நாள்தோறும் இறைவன்பால் ஒவ்வொரு படிக்காசு பெற்றனர். அவர்கள் கையிற் பெற்றதேயாயினும், அப்பொருள் அடியார்க்கு அமுதளித்தற்கே உரியதாயிற்று. அன்று பெற்றது அன்றே அடியார் உணவாயிற்று. ஆகவே தனி ஒருவர் கையிற் பொருள் வருதல் தன்னளவில் குற்றமன்று. அது தமக்கோ, தம் வழியே பிறர்க்கோ என்பது கொடுப்பார்க்கும் கொள்வார்க்கும் ஐயமின்றி விளங்கவேண்டும் என்பதே சைவ நெறி. விளக்கெண்ணெய்க்கென்று கேட்டுப் பெற்ற பணம் இரண்டாம் வகையினது. அது பெற்றவரின் கணக்கிற் கிடந்தாலும் அவருடையதன்று. அது அடைக்கலப் பொருள்.

அடைக்கலப் பொருள் என்பது யாதென்று நெசவுக் குடிகளுக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. காஞ்சிப் பட்டு நெய்வார் பலர் கூட்டுறவுச் சங்கத்திலோ, முதலாளியிடத்திலோ பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துப் பெறுகின்றனர். பல நாள் அப்பட்டு அவர் வீட்டுத் தறியிலேயே கிடக்கின்றது. அவர் குழந்தைகள் அதன் அருகே உறங்குகின்றன. எனினும் அதனை எவரும் தம் பட்டு என்று எண்ணுவதில்லை. சேலை நெய்து முடிந்ததும் மீண்டும் நிறுக்கப்படும். நிறை குறைந்தால் கேள்வி உண்டு. அவருடையது கூலி ஒன்றே. அக்கூலி இவ்வளவு என்பதும் முன்னரே பேசப்பட்டது. பட்டு வேறு, கூலி வேறு என்னும் இத்தெளிவு இருப்பதனாலேயே, வறுமையுற்ற நெசவாளரும் விலையுயர்ந்த சரிகையைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு அச்சமின்றி உறங்குகின்றார். கைப்பேசி வழியே அறத்துக்கு வரும் பணமும் இவ்வாறு தறியிலேறிய பட்டே அன்றோ? அதனை நிறுத்து வாங்குவாரும் இல்லை, நிறுத்துக் கொடுப்பாரும் இல்லை என்பதே ஈண்டுக் குறை.

பெரியபுராணத்துள் நிறைகோல் ஒன்று வருகின்றது. பழையாறையில் ஆடை முதலியன விற்ற வணிகராகிய அமர்நீதி நாயனார், அடியார்க்குக் கோவணமும் கீளும் கொடுத்துவந்தார். பிரமசாரி வடிவில் வந்த இறைவன் தன் கோவணம் ஒன்றை அவரிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். அது மறைந்தது. அதற்கீடாக வேறு கோவணங்களும் தம் பொருளனைத்தும் தட்டில் வைத்தும் நிறை ஒவ்வாமையால், நாயனார் தம் மனைவியாரோடும் மகனோடும் தாமும் தட்டில் ஏறினார். ஒரு துண்டுத் துணிக்கு இத்துணைப் பெருநிறை எங்ஙனம் வந்தது? துணி சிறிதாயினும் நம்பிக்கை சிறிதன்று. வைத்தவன் நம்பி வைத்தான். அந்நம்பிக்கைக்கு ஈடாவது பெற்றவன் தானே. முகமறியாத ஒருவர் தம் நாட்கூலியிற் பத்து ரூபாய் அனுப்பும்போது அனுப்பப்படுவதும் அத்தகைய நம்பிக்கையேயாம். தொகை சிறிதென்று அதன் நிறை குறையாது.

கோட்புலி நாயனார் வரலாறு இன்னும் கடுமையானது. நாட்டியத்தான்குடியிற் சிவபெருமானுக்குத் திருவமுதாக்கென அவர் சேர்த்து வைத்த நெல்லை, அவர் போர்மேற் சென்றிருந்த காலத்துப் பஞ்சத்தால் வருந்திய சுற்றத்தார் எடுத்து உண்டனர். பின்னர்க் கொடுத்துவிடலாம் என்பதே அவர்தம் எண்ணம். நாயனார் செய்த தண்டத்தை இக்காலத்து எவரும் பின்பற்றவேண்டுவதில்லை. சேக்கிழார் சுவாமிகள் அவ்வரலாற்றாற் காட்டும் ஒன்றை மட்டும் கருத்திற் கொள்க. பிழை செய்தவர் பகைவர் அல்லர், சுற்றத்தார். அவர் சொல்லிக்கொண்டதும் களவு என்று அன்று, கடன் என்று. அடைக்கலப் பொருள் அழிவது பெரும்பாலும் பேராசையால் அன்று, 'பின்னர் வைத்துவிடலாம்' என்னும் இச்சிறு சொல்லாலேயாம்.

இதன் காரணத்தைச் சித்தாந்தம் தெளிவுறக் காட்டும். உயிரை அநாதியே பற்றிநிற்பது ஆணவம். அது 'யான்' என்றும் 'எனது' என்றும் இருமுகமாய் வெளிப்படும். தன் பெயரில் உள்ள எதனையும் தன்னது எனக் கொள்ளுதல் உயிர் இம்மலச் சார்பிற் பழகிய பழக்கம். 'இது என்னுடையதன்று' என ஒருமுறை எண்ணிவிட்டால் அப்பழக்கம் ஒழிந்துவிடாது. ஒவ்வொரு நாளும் கைப்பேசியைத் திறக்குந்தோறும், கணக்கில் உள்ள தொகை ஒரே எண்ணாகத் தோன்றுகின்றது. அதில் எவ்வளவு சிவனுக்குரியது, எவ்வளவு தமக்குரியது என்று அவ்வெண் கூறுவதில்லை. நாளடைவில் 'எனது' என்பது தானே அதன்மேற் படர்கின்றது. இஃதொருபுறம் இருக்க, கொடுத்தோர் வாழ்த்தும் புகழும் அவர் பெயரையே நாடி வருதலின், 'யான் செய்கின்றேன்' என்னும் முனைப்பும் உடன் வளர்கின்றது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், இறைவனோடு ஒன்றாகி நின்று அவன் பணியில் நிற்றலையே மலங்கள் நீங்கும் வழியாகக் காட்டுகின்றது. பணியில் நிற்க வந்தவர் அப்பணியினாலேயே 'யான் எனது' என்பதனை வளர்த்துக்கொள்வாராயின், மருந்தே நோயாயிற்று என்க. ஆகலின் ஈண்டு இடருறுவது கொடுத்தவர் பணம் மாத்திரமன்று. கொடுத்தவர்க்கு அவர் அன்பின் பயன் கெடாது. பெற்றவர் உயிரே இடருறுகின்றது.

இனி உலகியற் சட்டம் கூறுவதனைக் காண்போம். உறவினரல்லாதார் ஒருவர்க்கு ஓராண்டிற் கொடுத்த கொடைப்பணம் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேற்படின், அத்தொகை முழுவதும் பெற்றவரின் வருமானமாகவே வருமான வரிச் சட்டத்தால் எண்ணப்படும். விளக்குக்கென வந்ததாயினும் அவர் பெயரில் வந்தமையின், சட்டம் அதனை அவர் பொருள் என்றே முதலிற் காணும். இல்லையெனக் காட்டும் சுமை அவரைச் சாரும். கொடுத்தவர்க்கும் வரிக்கழிவு கிட்டாது. முறைப்படி பதிவுபெற்ற அறக்கட்டளையாயின், தன் வருமானத்தில் 85 விழுக்காட்டுக்குக் குறையாது அறத்துக்கே செலவிடவேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு வரிவிலக்குப் பெறும். ஆண்டுதோறும் கணக்கும் காட்டவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் அனுப்புவதாயின் நிலை இன்னும் கடினம். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, சமயப் பணிக்கோ சமூகப் பணிக்கோ அத்தகைய பணம் பெறுவார் நடுவணரசின் பதிவோ முன்னனுமதியோ பெற்றிருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், அப்பணம் முதற்கண் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் ஒரு கணக்கிற்றான் வரவேண்டும். மலேசியாவில் உள்ள அன்பர் ஒருவர் நம் ஊர்க் கோயிலுக்கென்று தனி மனிதர் ஒருவர்க்குப் பணம் அனுப்புவது, இருவரும் அறியாமலே சட்டத்துக்கு மாறாகிவிடலாம்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் நினைக்கத்தக்கது. பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலைச் சார்ந்த சன்னிதிகளில், 2021-ஆம் ஆண்டு தெய்வத் திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. அவற்றைச் சீர்செய்தற்கென்று இணையத்தில் நிதி திரட்டினார் காணொலி நடத்தும் ஒருவர். கோயிலின் செயல் அலுவலர் தந்த முறையீட்டின்மேல் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆவடிக் காவல்துறையினர் அவரைக் கைதுசெய்தனர். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். குற்றம் உண்டோ இல்லையோ என்பது நீதிமன்றம் காணவேண்டுவது. நாம் அதனுட் புகோம். நாம் கருதுவது இதுவே: உடைந்த திருவுருவங் கண்டு மனம் வருந்திப் பணம் அனுப்பிய எளிய அன்பர்கள், தாம் கொடுத்தது திருப்பணியாயிற்றா வழக்காயிற்றா என அறியாது மயங்கினர். பணம் பெறுவதற்கு முன்னரே யாருடைய ஒப்புதல், எந்தக் கணக்கு, யார் பொறுப்பு என்பன வரையறுக்கப்பட்டிருப்பின் அம்மயக்கத்துக்கு இடமே இராது.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர்.

'அறக்கட்டளை என்று பெயர் வைத்துக்கொண்டு பொருளை விழுங்கினோர் இல்லையா? பத்துப் பேர் கூடிய கழகத்தைவிட நேர்மையுள்ள ஒருவர் மேலல்லரோ?' என்பது முதல் தடை. பதிவுச் சான்று ஒருவரைத் தூயராக்காது என்பது உண்மையே. ஆனால் நேர்மை வேறு, நேர்மைக்கு அரண் வேறு. காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 921-ஆம் ஆண்டளவிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வாரியங்களுக்குக் குடவோலை வழி ஆள் தேரும் முறையைக் கூறுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துட் புகலாகாதென அது விலக்குகின்றது. அவ்வூரார் தம்முள் நல்லவர் இல்லையென்றா அவ்விதி செய்தனர்? அன்று. நல்லவரும் கணக்குக் காட்டியே நல்லவராக நிற்கவேண்டும் என்று கண்டனர். கள்வனைத் தடுத்தற்கு மட்டும் கணக்கு வேண்டுவதன்று. நல்லவனை அவன் ஆணவத்தினின்றும் காத்தற்கும் அது வேண்டும்.

'நோயுற்ற நெசவாளர்க்கு நாளை மருத்துவம் ஆகவேண்டும். அறக்கட்டளை பதிவு செய்யும்வரை நோய் காத்திருக்குமோ?' என்பது இரண்டாம் தடை. காத்திராது. அவ்வாறாய இடத்துத் தனி ஒருவர் கேட்டுப் பெறுதல் குற்றமாகாது, கேளாதிருத்தலே குற்றமாகலாம். எனினும் இயன்ற அளவில் பணம் நோயாளர் கணக்குக்கோ மருத்துவமனைக்கோ நேரே செல்லும்படி செய்தல் நன்று. இடையில் ஒருவர் கை வேண்டாதவிடத்து அக்கை விலகிநிற்றலே தொண்டு.

'ஆறுமுக நாவலர் தனி ஒருவராக நின்றே அறம் செய்திலரோ?' என்பது மூன்றாம் தடை. நாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். செல்வர்பால் வெளிப்படப் பொருள் கேட்டார். அவர் பெற்ற பொருள் பாடசாலையாகக் கண்முன் நின்றது. 1879-இல் அவர் மறைந்தார். சிதம்பரத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணி அவரோடு மறையவில்லை. ஆகவே இவ்வெடுத்துக்காட்டு நம் கருத்தை மறுப்பதன்று, வலியுறுத்துவதேயாம். ஒருவர் தொடங்கலாம், ஒருவரோடு முடிதல் ஆகாது.

இக்கடைசிச் செய்தி பெரிதும் எண்ணத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுக்களில், கோயிலில் நந்தா விளக்கொன்று எரிதற்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடப்பட்டன எனக் காண்கின்றோம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். தனித்தனி ஆடு மூக்கும், சாகும். குட்டிகளால் மந்தை குறையாது நிற்கும். கொடுத்தவன் சாவான், மேய்ப்பவன் சாவான், விளக்கு நிற்கும். அறம் செய்தவனின் ஆயுளுக்கு அறத்தின் ஆயுள் கட்டுப்படலாகாது என்று அவர்கள் கண்டனர். தனி மனிதரின் வங்கிக் கணக்கோ அவர் மூச்சோடு நின்றுவிடும். அவர் இறந்த மறுநாள் அப்பணம் நியமனம் பெற்றவர் கைக்கும் வாரிசுகள் கைக்கும் செல்லும். மக்கள் நல்லவராயினும் எது தந்தையுடையது, எது கோயிலுடையது என்று அறியார். இருவர் மக்களாயின் வழக்கும் வரும். சிவனுக்கென்று முகமறியாதோர் கொடுத்தது பாகப்பிரிவினைப் பொருளாகிவிடும். யாக்கை நிலையாமை கற்றோராகிய சைவர், நிலையாத தம் பெயரில் நிலைக்கவேண்டிய பொருளை வைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின் நாம் துணிவது இது. தமக்கென்று பெறுவார் தமக்கென்றே சொல்லிப் பெறுக, அதில் நாணவேண்டுவதில்லை. தேவாரம் கற்பிக்கும் ஓதுவார், சமய நூல் எழுதுவோர் முதலியோர் தம் வாழ்வுக்கு அன்பர் உதவியைக் கேட்கலாம். வரி கொடுக்கவேண்டுமாயின் கொடுத்துவிடுக. ஒரு குறித்த செயலுக்கு ஒருமுறை பெறுவார், அதற்கெனத் தனிக் கணக்குத் தொடங்குக. அதனைத் தம் கூலியோடு கலவாதொழிக. வேண்டுந் தொகையை முன்னரே கூறி, அது சேர்ந்ததும் பெறுதலை நிறுத்துக. வரவும் செலவும் பற்றுச்சீட்டோடு வெளியிடுக. எஞ்சியதை எவ்வாறு செய்வது என்பதனை முதலிலேயே அறிவித்து அவ்வாறே செய்க. தம் உழைப்புக்கோ போக்குவரவுக்கோ ஏதேனும் கொள்வதாயின், நெசவுக் கூலி போல முன்னர்ப் பேசியே கொள்க; பட்டிலிருந்து இழை உருவுதல் வேண்டா. கோயிற் பணியாயின் கோயில் அலுவலகத்திற் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறும்படி அன்பரை நெறிப்படுத்துக. அறநிலையத்துறை ஆட்சியிலுள்ள கோயிலுக்கு அவர் ஒப்புதலின்றித் திரட்டுதல் வேண்டா. திங்கள்தோறும் ஆண்டுதோறும் நிகழவேண்டிய அறமாயின், காலந்தாழாது சிலரைச் சேர்த்து அறக்கட்டளை நிறுவி, அதுகாறும் பெற்றது முழுதும் அதற்கு மாற்றுக.

இத்துணையும் செய்ய இயலாதவர் என் செய்வது? திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு அவர்க்குத் துணையாகும். கோயில் எடுக்க விரும்பிய பூசலார் பொருள் தேடி வருந்தினார், எங்கும் கிடைத்திலது. அவர் உள்ளத்திலேயே கோயில் எடுத்தார். அதே காலத்திற் காஞ்சியிற் காடவர்கோன் பெரும்பொருள் கொண்டு கற்றளி எடுத்தான். இறைவன் முதலில் எழுந்தருளியது பூசலார் கோயிலில். பொருள் திரட்டியே ஆகவேண்டும் என்று இறைவன் எவரையும் கட்டாயப்படுத்தினான் அல்லன். செவ்விதிற் காக்க இயலாத பொருளைப் பெறாதிருத்தலும் ஓர் அறமேயாம்.

சிவாலயத்துள் வழிபட்டு மீள்வோர் சண்டேசுர நாயனார் சன்னிதியில் நின்று, தம் இரு கைகளையும் விரித்துக் காட்டிச் செல்லுதல் வழக்கம். சிவனுடைய பொருள் ஒன்றும் கொண்டுசெல்கின்றிலம் என்பதே அதன் கருத்து என்பர். சோழர் காலத்துக் கோயில் நிலம் விற்றலும் கொள்ளலும் அந்நாயனார் பெயராலேயே நிகழ்ந்தன. அரசன் பெயராலும் அன்று, பூசகர் பெயராலும் அன்று. நம் முன்னோர் வகுத்த இவ்வேற்பாட்டின் பொருள் ஆழமானது. பொருளைக் கையாள்வோர் பலர், உடையவன் ஒருவன். கைகள் கண்ணுக்குத் தோன்றாத வழியிற் பணம் வந்து சேரும் இக்காலத்தில், அன்பர்காள், நாம் காட்டவேண்டிய வெறுங்கை தெளிந்த கணக்கேயாம். அக்கணக்கை எந்நாளும் எவர்க்கும் அஞ்சாது விரித்துக் காட்டும் நிலையில் நிற்போர்க்கு, அறக்கட்டளை என்னும் பெயர் அரணாகும். அந்நிலை இல்லாதார்க்கு எப்பெயரும் அரணாகாது. அடைக்கலமாக வந்ததை அடைக்கலமாகவே ஒப்புவிக்கும் உறுதியைத் திருவருள் நமக்கு ஈந்தருளுவதாக.